பன்னிரண்டு பிளேடுகள்

டைட்டானியமும் அலுமினியமும் கலந்து வார்த்த அந்த விமான எஞ்சின் பிளேடுகளுக்கு நெருப்பைக் கண்டால் பயமில்லை, தரையைக் கண்டால்தான் பயம். கை தவறி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கும். விழுந்ததை உடனே கழிவுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவது அந்தப் பட்டறையின் வழக்கம். நேற்று செலின் தவறவிட்டதில் ஒரு கீறல்கூட இல்லை. துடைத்து, மற்றவற்றோடு தட்டில் வைத்துவிட்டாள்.

இன்று, பன்னிரண்டில் அது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்த்தாள். பன்னிரண்டும் கணீரென்றன.

"வண்டி வந்தாச்சும்மா, எல்லாம் சரிதானே?" என்று வாசலிலிருந்து கேட்டார் மேற்பார்வையாளர் வேதமுத்து.

"இதோ கொண்டாரேன் சார்."

தட்டை இரு கைகளாலும் தூக்கினாள். நடுக்கூடம் வரைக்கும் கவனமாக நடந்தாள். அங்கே நின்று, விரல்களைத் தளர்த்தினாள்.