தலைகீழ் மார்க்

"ரெண்டு."

லென்ஸ்காரர் சொன்னதும் சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

"பத்துக்கு ரெண்டா? ஊரே கொண்டாடுற படத்துக்கா?" என்றார் மேடம்.

அந்தக் கண்ணாடிக் கடையில் மேடம் என்றால் கண் பரிசோதனை செய்பவர். வருகிறவர்களைச் சுவரில் எழுத்துப் படிக்க வைத்துப் பவர் சொல்வது அவர் வேலை. திங்கட்கிழமை மதியம் மட்டும் பின்னறையில் உட்கார்ந்து, பார்த்த படங்களுக்கு மார்க் போடுவார். அவர் போட்டதுதான் தீர்ப்பு. மற்றவர்கள் அரை மார்க் முன்னே பின்னே சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் மாட்டுகிற அந்த மனுஷர் மட்டும் அவருக்குப் பிடி கொடுப்பதில்லை.

"ரெண்டுதான் மேடம்," என்றார், டப்பாவை மூடியபடி.

"நான் ஒம்பதரை போட்டேன். அந்த அரை மார்க் குறைஞ்சதும் படத்தால இல்ல. நேத்து ரெண்டாவது தடவை போனேன், ஹவுஸ்புல். பின் வரிசையில யாரோ ஒரே கூச்சல். ஒரு அதட்டு அதட்டினேன் பாருங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க எனக்குக் கை தட்டினாங்க."

"அக்காகிட்ட வச்சுக்க முடியுமா?" என்று கேஷியர் பெண் சிரித்தாள்.

லென்ஸ்காரர் தண்ணீர் குடித்தார்.

"சரிண்ணே, அந்த இன்னொரு படம்? வெள்ளிக்கிழமை வந்து சனிக்கிழமையே படுத்துடுச்சே, அதுக்கு?" என்று அவளே கேட்டாள்.

"அதுக்கு ஒம்பது."

கேஷியர் பெண்ணுக்குப் புரையேறியது. மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது புதுசும் இல்லை. ஓடுகிற படமென்றால் இவர் ரெண்டு, மூணு போடுவார். தியேட்டரில் ஈ ஓட்டுகிற படத்துக்கு எட்டு, ஒன்பது என்று வாரிக் கொடுப்பார். அதனால்தான் கடையில் அவருக்குத் தலைகீழ் என்று பெயர்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க. ஒரு நாள் உங்க கண்ணை என்கிட்ட காட்டுங்க," என்றார் மேடம்.

மேஜையே சிரித்தது. லென்ஸ்காரரும் சேர்ந்து சிரித்தாரே தவிர, காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ரசனைதான் இல்லை, சிரிப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று மேடம் மனசுக்குள் பொருமினார்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. மேடம் அந்த ஒன்பது மார்க் படத்துக்கே கிளம்பினார். பார்த்துவிட்டு வந்து காட்சி காட்சியாகக் கிழித்துத் தொங்கவிட வேண்டும். அதற்கப்புறம் மனுஷர் மார்க் என்று வாயே திறக்கக் கூடாது.

தியேட்டர் வெறிச்சோடிக் கிடந்தது. படம் சகிக்கவில்லை. கதாநாயகனின் அப்பா செத்துப்போகிற காட்சியில் மேடத்துக்குக் கொட்டாவி வந்தது. முன் வரிசையில் யாரோ ஹோவென்று கத்திச் சிரித்து, கை தட்டி, எழுந்து குதித்தார்கள். படம் எடுத்தவனுக்குச் சொந்தக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் யாரென்று பார்க்க முன்னால் போனார். அங்கே லென்ஸ்காரர்.

பக்கத்தில், இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்து இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தாள். லென்ஸ்காரர் கைக்குட்டையால் அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். இது என் பொண்ணு," என்றார் கூச்சத்தோடு.

இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டும் இப்படி ஒரு மகள் இருப்பது மேடத்துக்குத் தெரியாது.

"இவளுக்கு சினிமான்னா உசிரு மேடம். சந்தோஷம் வந்தா சத்தம் போடுவா, அடக்கிக்கத் தெரியாது. ஓடுற படத்துல கூட்டம் இருக்கும், போனாலும் எங்களுக்குச் சரிப்படாது. ஓடாத படம்னா இந்தத் தியேட்டரே இவளோடதுதான். கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்துட்டான்னா ஒம்பது போட்டுடுவேன்."

மகள் திரையை விட்டுத் திரும்பாமலே, சற்றுமுன் வில்லன் விட்ட மிரட்டலை அதே கரகரப்போடு சொன்னாள்.

"ஒரு தடவை காதுல விழுந்தா போதும் மேடம். யார் பேசினாங்களோ அவங்க குரல் அப்படியே வந்துடும்," என்றார் அப்பா, பெருமையாக.

மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை தோறும் அடித்த கேலியெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சும்மா நிற்க முடியாமல் எதையாவது கேட்டுவைத்தார்.

"அப்போ அந்த ஹிட் படத்துக்கு ஏன் ரெண்டு போட்டீங்க?"

கைதட்டல் சட்டென்று நின்றது. மகள் மெல்லத் திரும்பி மேடத்தைப் பார்த்தாள். சீட்டிலிருந்து இறங்கி, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அங்கிருந்தபடியே சொன்னாள்.

"இந்த மாதிரி பைத்தியத்தையெல்லாம் வீட்ல கட்டிப் போட மாட்டீங்களா? எந்திரிச்சு வெளிய போங்க."

அச்சு அசலாக மேடத்தின் குரல். எழுத்துப் படிக்கச் சொல்லும்போது வருமே, அந்த அதிகாரம் உட்பட.

அன்றைக்கு அந்த இருட்டில் யாரைத் திட்டுகிறோம் என்று மேடம் பார்க்கக்கூட இல்லை. லென்ஸ்காரருக்கு அந்தக் குரல் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்துதான் மறுநாள் எதிரே உட்கார்ந்து, அவர் பீற்றிக்கொண்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு தண்ணீர் குடித்திருக்கிறார்.

லென்ஸ்காரர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே அவசரமாகச் சொன்னார்.

"அது... அந்தப் படத்துல வர்ற வசனம் மேடம்."