அசல் கறுப்பு

“இதுக்குப் பேர் கறுப்பாம்மா? தலையில துருப்பிடிச்ச மாதிரி இருக்கு!”

மூன்றாவது முறையாக மாதிரிப் பிரதியை மேசையில் வீசினார் வந்தவர். அச்சகத்து டிசைனர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் முந்தாநாள் இறந்துபோனார். இன்று மாலை இரங்கல் கூட்டம். மேடையில் வைக்க ஆளுயரப் படம் வேண்டும். முகம் தெளிவாக இருக்கிறதா, பெயரில் பிழை இருக்கிறதா, எதைப் பற்றியும் இவருக்குக் கவலையில்லை. தலைமுடி ஒன்றே குறி.

“திரையில பாருங்க சார், கறுப்பாத்தானே இருக்கு?”

“கூட்டத்துக்கு உன் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய் வைக்கவா?”

நியாயமான கேள்விதான்.

“திரையில இருக்கறது வெளிச்சம் சார். பேப்பர்ல விழறது மை, நாலு கலர் மை. மாத்தும்போது கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குக் கறுப்பையும் நாலாப் பிரிச்சுக் கலக்குது. சிவப்பு கொஞ்சம் தூக்கிட்டா பழுப்பாயிடும்.”

“கலக்கட்டும். அண்ணன் தலையில எதுக்கும்மா கலக்கணும்?”

சொல்லும்போதே பிரதியை எடுத்து, படத்தின் தலையைத் தடவினார். “எழுபத்து நாலு வயசு. கடைசி நாள் வரைக்கும் ஒரு நரை முடி யாரும் பார்த்ததில்ல. நீ ஒரே காலையில செம்பட்டையாக்கிட்டியே!”

அவளுக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அவள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்ட உத்தமன். இங்கே, அண்ணன் முடிக்காக உருக இப்படியும் ஒரு தம்பியா!

சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் இஷ்டத்துக்கு விடாமல், தலைமுடியை மட்டும் தனியே பிரித்தாள். அதைக் கறுப்பு மையிலேயே நிறுத்தி, அடியில் கொஞ்சம் நீலம் கொடுத்து, சிவப்பையும் மஞ்சளையும் ஒட்டக் குறைத்தாள்.

நாலாவது பிரதி வந்தது. அண்டங்காக்கை தோற்றது.

வந்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்படியே பெரிசா அடிச்சிடும்மா. என் மானத்தைக் காப்பாத்திட்டே.”

“அண்ணன் மேல இவ்வளவு பாசமா சார்? கூடப்பிறந்தவரா, பெரியப்பா பையனா?”

“உறவெல்லாம் இல்லம்மா,” என்றார் அவர். “இருபது வருஷமா அவருக்கு டை அடிச்சது நான்தான். மேடையில செம்பட்டையாத் தெரிஞ்சா, நாளைக்கு என் சலூனுக்கு எவன் வருவான்?”