மூலைச் சிப்பாய்

ஆறாவது நகர்வுக்கு அண்ணன் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டான்.

எதிரே வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்த தம்பிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஐந்து நகர்வு வரை எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே வந்திருந்தது. இனிமேல் அண்ணன் முழிப்பான். நன்றாக முழிக்கட்டும்.

தம்பிக்கு வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், செஸ் க்ளப்பில் அவன் பெயரே லென்ஸ்தான். அண்ணன் ஊரின் மறுகோடியில் வேறொரு க்ளப்பில் ஆடுகிறவன். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு க்ளப்புக்கும் போட்டி. இந்த வருடம் நாலாம் மேசையில் இவர்கள் இரண்டு பேரும் என்று ஐந்து மாதம் முன்பே பட்டியல் ஒட்டிவிட்டார்கள்.

பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆடும்போது யாரும் பேசக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதத்தில் அண்ணன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த அன்று வாசலில் வைத்து லென்ஸ் சொன்னான்: "தப்பு என் மேலதான்னு நீயா ஒரு நாள் ஒத்துக்க. அதுவரைக்கும் எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல."

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்கிற ஆளும் இல்லை. காத்திருந்து காத்திருந்து லென்ஸுக்கு அலுத்துவிட்டது. பட்டியலைப் பார்த்த அன்று சாயங்காலம், அதுதான் இல்லை, ஜெயிக்கவாவது செய்வோம் என்று பழைய புத்தகக்கடைக்குப் போய், ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளைச் சொல்லித்தரும் ஓப்பனிங் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தான். சின்ன வயதிலிருந்து அண்ணனை ஒரு ஆட்டம்கூட அவன் ஜெயித்ததில்லை.

ஐந்து மாதம் தினமும் காலையில், வேலைக்குப் போகும் முன், சமையலறை மேசையில் பலகையை விரிப்பான். புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு பக்கம் உப்பு ஜாடி, மறுபக்கம் டம்ளர். வெள்ளைக்கும் அவனே, கறுப்புக்கும் அவனே. முதல் மாதம் ஒவ்வொரு நகர்வுக்கும் எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்பை ஆடினான். பிறகு முழங்கால் வலி வந்துவிட, பலகையைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வீட்டில் அவனோடு பேச அந்தப் புத்தகத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. நல்ல நகர்வுக்குப் பக்கத்தில் அது ஆச்சரியக்குறி போடும், மோசமான நகர்வுக்குக் கேள்விக்குறி. படிக்கப் படிக்க அவனுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

இப்போது அண்ணனின் கை நீண்டது. குதிரையைத் தொடும் என்று லென்ஸ் எதிர்பார்த்தான். கை குதிரையைத் தாண்டிப் பலகையின் ஓரத்துக்குப் போனது. மூலையில் யானைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளியது.

தள்ளிவிட்டு, பலகையைப் பார்க்காமல் தம்பியின் முகத்தைப் பார்த்தான் அண்ணன்.

முழிக்கிறான் என்று நினைத்தான் லென்ஸ்.

புத்தகம் கண்முன்னால் திறந்துகொண்டது. நூற்று நாற்பதாம் பக்கம், அடிக்குறிப்பு. மூலைச் சிப்பாயைத் தள்ளுவது வீண் நகர்வு, வெள்ளை உடனே நடுவில் தாக்க வேண்டும். அவன் யோசிக்கவே இல்லை. நடுவில் நின்ற சிப்பாயைத் தள்ளி, பலகைக்குப் பக்கத்தில் இருந்த ஆட்டக் கடிகாரத்தை ஓங்கி அடித்தான்.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் ஏனோதானோ என்று ஆடினான். பதினெட்டாவது நகர்வில், தோற்றதற்கு அடையாளமாக ராஜாவைச் சாய்த்துவிட்டான்.

லென்ஸுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. நகர்வுகளை எழுதிவந்த தாளில், ஆறாவதுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டான். ஆட்டம் முடிந்தால் ஒருவர் தாளில் மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். தாளைத் திருப்பி எதிரே நீட்டினான்.

அண்ணன் அதைப் படித்தான். பதினோரு வருடத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"இதுக்கு இப்படித்தான் ஆடணும்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

"ஆமா. நூத்தி நாப்பதாம் பக்கம்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டான். கையெழுத்துப் போட்டான். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

லென்ஸ் காய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தான். கறுப்பின் பாதிக் காய்கள் வெட்டுப்பட்டு வெளியே கிடந்தன. அந்த மூலைச் சிப்பாய் மட்டும் தள்ளிய இடத்திலேயே நின்றது. அதை இரண்டு விரலால் எடுத்தவனுக்குக் கை அப்படியே நின்றுபோயிற்று.

சின்ன வயதில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டால் அப்பா பஞ்சாயத்து பண்ணமாட்டார். பலகையை எடுத்து நடுவில் வைப்பார். தப்பு யார் மேலோ, அவன் மூலைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஒரு நகர்வை விட்டுக்கொடுக்க வேண்டும். மற்றவனும் பதிலுக்குத் தன் மூலைச் சிப்பாயைத் தள்ளிவிட்டால் சண்டை தீர்ந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டாம். அதுதான் வீட்டுச் சட்டம்.

தப்பு யார் மேல் என்றாலும் முதலில் தள்ளுகிறவன் தம்பிதான். அண்ணன் ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை.

சிப்பாயைக் கையில் பிடித்தபடியே படியிறங்கித் தெருவுக்கு ஓடினான் லென்ஸ். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தான். அண்ணனைக் காணவில்லை.

திரும்பி வந்தபோது க்ளப் செயலாளர் லென்ஸின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பலகையை மடித்து எடுத்துப் போயிருந்தார்கள். மேசையில் அந்தத் தாள் மட்டும் கிடந்தது. ஆறாவது வரியில் மூலைச் சிப்பாய், அதன் பக்கத்தில் அவன் போட்ட கேள்விக்குறி, அடியில் அண்ணனின் கையெழுத்து.