பேசும் தொட்டி

ஒரே ஒரு ஊர்ல, ஒரே ஒரு மொட்டை மாடியில, ஒரு தண்ணித் தொட்டி வாய் திறந்து பேசுமாம்.

ஊர் ஸ்ரீரங்கம். மாடி, சித்திரை வீதியில் இருக்கும் ஜாஹ்னவி வீட்டு மாடி.

"தொட்டி நிறைஞ்சிடுச்சுங்க, மோட்டாரை நிறுத்துங்க!"

கொஞ்சம் கரகரத்த பெண் குரல். கடைசி 'ங்க'வில் மட்டும் ஓர் இழுப்பு. தினமும் காலையில் அந்தக் குரல் கேட்டுத்தான் ஜாஹ்னவி அடுப்படியிலிருந்து ஓடுவாள்.

குட்டி சர்க்யூட் போர்டு, ஸ்பீக்கர், புரோகிராம் எல்லாம் தம்பி ஸ்ரீவத்ஸின் கைவேலை. குரல் யாருதுடா என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் குரல்க்கா" என்றான். நாளைக்குக் காலேஜில் அதற்காக அவனுக்குப் பரிசு.

அந்தப் பரிசுக்குத்தான் இப்போது ஆபத்து. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்துக் கடையில் இதே பேசும் பெட்டியை விற்கிறார்களாம். யாரோ பார்த்துவிட்டுக் காலேஜில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். யாரைப் பார்த்து யார் செய்தது என்று தெரிந்தால்தான் பரிசு என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

ஜாஹ்னவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிளம்புடா. நேர்லயே கேட்டுடலாம்."

"வேண்டாம்க்கா. விட்டுடேன்."

"இப்படி வாயில்லாப் பூச்சியா இருந்தா எல்லாரும் உன் தலையில மிளகாய்தான் அரைப்பா. எடு வண்டியை!"

கடையில் உட்கார்ந்திருந்தவர் நஸ்ருல்லா. "வாங்க மேடம்" என்று ஸ்டூலை நகர்த்தினார். ஜாஹ்னவி உட்காரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் டொக்கென்று வைத்தாள்.

அலமாரியில் அந்தப் பெட்டி. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர்: 'ஆக்கம்: ஷஹனாஸ்'.

"யாரு இந்த ஷஹனாஸ்?"

"நம்ம வீட்டுக்காரங்கதான்." உள்ளே கைகாட்டினார். முக்காடு போட்ட பெண் ஒருத்தி, குனிந்த தலை நிமிராமல் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என் தம்பி எழுதின புரோகிராம். உங்க வீட்டுக்காரங்க பேரு எப்படி இதுல வந்துது?"

நஸ்ருல்லா முழித்தார். "மேடம், இது ஓப்பன் சோர்ஸு. நெட்ல எல்லாருக்கும் பொதுவா கெடக்குது. யார் வேணா எடுத்துச் செய்யலாம்."

"செய்யுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா செஞ்சவன் பேரை அழிச்சுட்டு சொந்தப் பேரை ஒட்டிப்பீங்களா? சும்மா கொடுத்தவனுக்கு மிச்சம் இருக்கறதே அந்தப் பேரு ஒண்ணுதானே! அதையும் உருவிண்டா, கொஞ்சமாவது மனசு உறுத்த வேண்டாம்?"

வாசலில் நின்ற ஸ்ரீவத்ஸ், "அக்கா, போதும்க்கா" என்றான்.

"நீ சும்மா இருடா! இவாளுக்கெல்லாம் நல்லபடியா சொன்னா ஏறாது." போனை எடுத்தாள். மாடியில் பிடித்த வீடியோவை ஓடவிட்டாள். "கேளுங்க! எங்க வீட்டுத் தொட்டி!"

"தொட்டி நிறைஞ்சிடுச்சுங்க, மோட்டாரை நிறுத்துங்க!"

ஷஹனாஸ் சட்டென்று நிமிர்ந்தாள். போனைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், அது..." என்று வேகமாக எழுந்த நஸ்ருல்லாவின் சட்டையை, பின்னாலிருந்து ஒரு கை பிடித்து இழுத்தது. ஷஹனாஸ் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் மனைவியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்ன செய்யணுங்கறீங்க மேடம்?"

"காலேஜுக்குப் போன் போட்டுத் தரேன். உள்ளதைச் சொல்லுங்க."

போனை வாங்கினார். தொண்டையைச் செருமினார். "சார், மலைக்கோட்டைல கடை வெச்சிருக்கேன். ஆமா சார்... அந்தத் தம்பியோடதைப் பார்த்துத்தான் நாங்க செஞ்சோம். தம்பிக்கே பரிசைக் குடுங்க."

அலமாரியிலிருந்த பெட்டியையும் எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"இதை முதல்லயே ஒத்துண்டிருந்தா நான் கத்தியே இருக்க மாட்டேன்" என்றாள் ஜாஹ்னவி. உள்ளே திரும்பி, "எல்லாத்தையும் பண்ணிட்டு வாயே திறக்கலை பாருங்க, உங்க வீட்டுக்காரங்க!" என்று ஒரு குத்தும் குத்திவிட்டு இறங்கினாள். ஸ்ரீவத்ஸ் அதற்குள் சந்து முனையில் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

பத்தடி போயிருப்பாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஹெல்மெட்டை விட்டுட்டீங்க, எடுத்துக்குங்க!"

கொஞ்சம் கரகரப்பு. கடைசி 'ங்க'வில் ஓர் இழுப்பு.

ஜாஹ்னவி சட்டென்று நின்றாள். திரும்பினாள். ஹெல்மெட்டைப் பிடித்தபடி கடைப்படியில் நின்ற ஷஹனாஸ், பேசியது தப்பென்று அப்போதுதான் உறைத்தவள்போல, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜாஹ்னவி பக்கத்தில் போய் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

"தம்பியைத் திட்டாதீங்க" என்றாள் ஷஹனாஸ், இந்தத் தடவை மெதுவாக. "படிக்கிற புள்ள. நாலு பேருக்கு முன்னால தலை குனிஞ்சு நிக்க வேணாம்."

ஜாஹ்னவி சந்து முனைக்கு வந்தாள். காலேஜ் நம்பரை மறுபடி அழுத்தி, மணி அடிக்கும்போதே போனைத் தம்பி கையில் திணித்தாள். ஹெல்மெட்டைப் பின்சீட்டில் வைத்தாள்.

"உள்ளதைச் சொல்லு."

அவன் வாய் திறக்கிறானா என்று நின்று பார்க்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் தனியே நடந்தாள்.