பெரியப்பாவை எப்போ எடுக்கிறீங்க?

"சார், எங்க பெரியப்பா தவறிட்டாவ. இன்னைக்கு லீவு வேணும்."

இசக்கி குரல் உடைந்துதான் சொன்னான். அழுகை நிஜம். சாவும் நிஜம். பெரியப்பா என்பது மட்டும்தான் பொய்.

செத்துப்போனவர் கடல் தாண்டிய தேசத்துக் கால்பந்து ராஜா சால்வேரோ. செய்தி வந்ததிலிருந்து இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை. யூனிஃபார்முக்கு உள்ளேகூட அவர் பெயர் போட்ட ஜெர்சிதான்.

சூப்பர்வைசர் டில்லிபாபு நிமிர்ந்து பார்த்தார். பொய் லீவு என்றால் அந்த மனுஷனுக்கு ஆகவே ஆகாது. போன மாசம்தான், உயிரோடு இருக்கிற சித்தியைச் சாகடித்த ஒருத்தனை வேலையை விட்டே துரத்தினார். இசக்கிக்கு இப்போது வேலை நிரந்தரம் ஆகிற நேரம். அதற்கும் இவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"தூத்துக்குடி போய்ட்டு ஒரே நாள்ல வந்துடுவியா?"

"ஊருல இல்ல சார்." வாய் தானாக உளறியது. "இங்க சுங்குவார்சத்திரத்துல, எங்க ரூம்லதான் இருந்தாவ."

அதுவும் ஒருவகையில் நிஜம். ரூம் சுவரில் ஆளுயரப் போஸ்டராக இருந்தார்.

"அடப்பாவமே! எப்போ எடுக்கிறீங்க?"

"நா... நாலு மணிக்கு சார்."

"நீ போ. நான் மாலை வாங்கிகினு வர்றேன்."

இசக்கி ரூமுக்கு ஓடினான். நாலு மணிக்குள் ஒரு பெரியப்பாவுக்கு எங்கே போவது?

ரூமில் கூட இருக்கும் சுடலைக்கண்ணு வேறு கம்பெனி. டில்லிபாபு அவனைப் பார்த்ததே இல்லை. அந்த ஒரே தகுதியில் அவன் பிணமாகத் தேர்வானான்.

"ஏல, நான் ஏம்ல சாவணும்? ஊருல எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காவ!"

"அரை மணி நேரம் செத்துக் கெட மக்கா. என் வேலையே போயிரும்ல."

தலைக்கும் மீசைக்கும் பவுடர் கொட்டி நரை வரவழைத்தான் இசக்கி. மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய், கழுத்து வரை வேட்டி. தாடையையும் இழுத்துக் கட்டினான். அதில் ஒரு லாபம், பிணம் பேச்சை நிறுத்தியது.

சுவர்ப் போஸ்டரைக் கழற்றத்தான் மனசு வரவில்லை. செத்த அன்றைக்கா அவரை இறக்குவது?

நாலு மணிக்கு டில்லிபாபு பெரிய ரோஜா மாலையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். இசக்கி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கேவினான்.

டில்லிபாபு பிணத்தை உற்றுப் பார்த்தார். பிணத்துக்கு வியர்த்தது.

பிறகு பிணத்தைத் தாண்டி நேராகச் சுவருக்குப் போனார். எக்கி நின்று, சால்வேரோ கழுத்தில் மாலையை மாட்டினார்.

"இன்னா ஆளுடா இசக்கி! முட்டி பேந்து போயும் கோல் போட்டாரே ஒரு மேட்ச்சு, அன்னிக்கு எனக்கு நிச்சயதார்த்தம். பொண்ணைப் பாக்காம டிவியைத்தான் பாத்துகினு இருந்தேன். அந்தத் திட்டு இன்னும் ஓயல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"அவரு ஜெர்சியை உள்ள போட்டுகினு வந்து, காலரைத் தொறந்து வுட்டுகினு லீவு கேட்டா தெரியாதா?"

இசக்கிக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

"அப்ப என்மேல கோவம் இல்லையா சார்? சித்தியைச் சொல்லி லீவு போட்டவனைத் தொரத்துனீங்களே?"

டில்லிபாபு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாமனார் பூட்டார்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டுதாம்பா நானும் வந்துகீறேன். அவரு அஞ்சு மணிக்கு மாலையோட பிள்ளைப்பாக்கத்துல எங்க வூட்டுக்கு வர்றாராம். பவுடரைக் கலைக்காம, இந்தப் புள்ளையைக் கொஞ்ச நேரம் இரவல் குடேன்!"