மூலைக்கொடி அருகே ஓர் அருகு

“மாமா, புல்லுக்குத் தாகம் எடுத்தா யார்கிட்ட சொல்லும்?” பந்து எடுக்க வந்த ஒரு சிறுமி முன்பொரு நாள் கேட்டாள். கால்பந்து மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தணிகாசலம், “என்கிட்டதான்” என்றார்.

இப்போது அங்கே செயற்கைப் புல் விரித்துவிட்டார்கள். அதற்குத் தாகம் கிடையாது. ஆனாலும் விடிந்ததும் அவர் கை குழாயைத் தேடியது. ஈரமண் வாசம் இல்லாமல் காலைத் தேநீர் இறங்கவில்லை. ஒருநாள் மனம் கேட்காமல் விரிப்பை நனைத்தார்.

“அண்ணே, பாய்க்குத் தண்ணி ஊத்துனா முளைக்குமா?” என்று ஆட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மூலைக்கொடி அருகே, விரிப்பின் தையலைப் பிளந்துகொண்டு ஓர் அருகம்புல் முளைத்தது.

“மருந்தடிச்சிருங்க. வேர் பரவுச்சுன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல” என்றார் மேலாளர்.

உச்சிவெயிலில் மைதானம் காலியானது. தணிகாசலம் மருந்துக் குப்பியைத் திறக்கவில்லை. இருபது வருடம் தன் வீட்டுக்குச் சோறு போட்ட புல்லை நோகாமல் வேரோடு எடுத்து, ஈரத்துண்டில் சுற்றினார். சுற்றுச்சுவருக்கு வெளியே, பிள்ளையார் கோயிலின் பின்புறம் அதை நட்டார். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினார்.

பிள்ளையார் ஒன்றும் அறியாதவர் போலத் தெருவைப் பார்த்தபடி இருந்தார்.