மறுபடியும் உரி

"ஷேடு சேரலப்பா. மறுபடியும் உரி."

சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டர் சென்னியப்பன், கையிலிருந்த துண்டுத் துணியைப் பொம்மையின் சேலைமேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

சோணைமுத்துவுக்குத் தலை சுற்றியது. நேற்று சாயங்காலம்தான் இரண்டாவது முறையாகப் பெயிண்ட் அடித்துக் காயவைத்து முடித்திருந்தார்.

நாலடி உயர ரெசின் பொம்மை. கம்பெனி வாசலில் கைகூப்பி நிற்கும் பெண். பழைய பெயிண்ட் பொரிந்துபோய்விட்டது, உரித்துப் புதிதாக அடியுங்கள் என்று முதலாளி சொல்லிப் பத்து நாள் ஆகிறது. நிறம் சரியாக வராமல் ஷேடு தப்பிய துணியின் சாயத்தை உரித்துவிட்டு மறுபடி சாயம் ஏற்றுவது திருப்பூரில் தினமும் நடப்பதுதான். ஆனால், பொம்மைக்கு ஷேடு பார்க்கிற மனிதரை வேலம்பாளையத்தில் யாரும் கண்டதில்லை.

"மாஸ்டர், இது நீங்க குடுத்த மெரூன்தானே..."

"எனக்கே சொல்லித் தர்றியா? இருவத்தஞ்சு வருசமா ஷேடு பாக்கறவன் நானு. இன்னைக்கு உரி, நாளைக்கு அடி, நாளான்னிக்குக் காய வெய்யி. கையில உறைய மாட்டிக்கோ."

ரப்பர் கையுறையைச் சோணைமுத்துவின் மடியில் எறிந்துவிட்டுப் போனார்.

துணி மடித்துக்கொண்டிருந்த பாண்டியம்மாளுக்கு வயிறு எரிந்தது.

சோணைமுத்துவும் அவளைப் போலவே மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பன்னிரண்டு வருடம் சாயத் தொட்டியில் நின்றதில் நெஞ்சு கெட்டுவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு இழுக்கும். ஈரத் துணியைத் தூக்க முடியாது. அதனால்தான் பொம்மை வேலை.

அவருக்கு இந்த வாரம் வேலை போகக் கூடாது. வெள்ளிக்கிழமை அவர் மனைவி விஜயராணிக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். புருஷன் வேலையில் இருக்கிறார் என்று அன்றைய தேதி போட்ட கம்பெனி கடிதம் கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். வெளியே வைத்தியம் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. இன்றைக்குச் செவ்வாய்.

சோணைமுத்து தொட்டியில் தண்ணீர் பிடித்து, காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தார். தின்னர் ஊற்றினால் சீக்கிரம் உரியும், ஆனால் ரெசினும் சேர்ந்து இளகிவிடும். காஸ்டிக் தண்ணீரில் நனைத்த சாக்கைச் சுற்றி, ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். சேலை மடிப்புக்குப் பல் பிரஷ். உறையோடு தேய்த்தால் மடிப்பு கைக்குத் தட்டுப்படாது என்று போன தடவை கழற்றிவிட்டதில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"அண்ணே, அந்தாளு வேணும்னே படுத்துறாருண்ணே. நீங்களா வேலைய விட்டு ஓடணும்னு பாக்குறாரு" என்றாள் பாண்டியம்மாள்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துர்றேன் தாயி." அதற்குள் இருமல் வந்துவிட்டது.

பாண்டியம்மாளால் பொறுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி மயில்சாமியின் கார் உள்ளே நுழைந்தது. மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"மொதலாளி! நீங்களே வந்து அந்தப் பொம்மையப் பாருங்க. நல்லா இருக்குறத நொட்டை சொல்லி, சீக்காளி மனுசனப் போட்டுக் கொல்றாரு மாஸ்டரு. நீங்கதான் நியாயம் சொல்லணும்!"

மயில்சாமி நல்ல மனநிலையில் இருந்தார். வந்து பார்த்தார். மாஸ்டரும் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அட, ஜோரா இருக்குதே! ஏப்பா சென்னியப்பா, இதுல என்ன கொறையக் கண்ட?"

எந்தத் துணியைக் காட்டினாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொல்கிற சென்னியப்பன் தடுமாறினார்.

"இல்லீங்க... முந்தானைப் பக்கம் கொஞ்சம் கருக்கலா... வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணிப்போடறனுங்க..."

"ஒண்ணும் வேண்டாம். இப்பவே தூக்கி வாசல்ல வெய்யி."

பாண்டியம்மாள் சோணைமுத்துவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மாஸ்டரின் மூக்கை உடைத்த சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காரில் ஏறப்போன முதலாளி நின்றார்.

"அதென்ன, பொம்மை வேலை முடிஞ்ச அன்னைக்கே சோணைமுத்துவ நிறுத்தச் சொல்லியிருந்தனே? முடிஞ்சிருச்சல்ல? பேரை அடிச்சுப்போடு. நாளைக்கு வர வேண்டாம்."

சென்னியப்பன் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். "மொதலாளி, மூணு நாளுங்க. அவன் சம்சாரத்துக்கு ஆபரேசன்..."

"போன மாசமும் உன்ர பேச்சைக் கேட்டுத்தான் விட்டு வெச்சேன். மூச்சு விட முடியாதவன் ஏதாச்சும் ஆகி இங்கயே உழுந்தா ஆரு பதில் சொல்றது? மறுபடியும் இந்தப் பேச்சை எடுக்காத."

கண்ணாடி ஏறியது. கார் கிளம்பியது.

சோணைமுத்து காஸ்டிக் தொட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உரிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழக்கூட இல்லை.

பாண்டியம்மாள் மாஸ்டரிடம் திரும்பினாள்.

"மாஸ்டர்... எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே..."

சென்னியப்பன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"ஷேடு மொத தடவையே சேந்துருச்சம்மா. வெள்ளிக்கெழம வரைக்கும் எனக்கு அது புடிக்காம இருந்திருக்கோணும்."